துணிக்கு அந்தப் பக்கம்: ராசிபுரம் வழியாக ஒரு மாட்டுச் சந்தைக்கு

மாசி மாதத்தில் யாராவது ஆசைப்பட்டுப் பயணம் கிளம்புவார்களா? வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. சண்டைக் காலம் என்று பஸ்ஸெல்லாம் பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடுகிறது. போதாக்குறைக்கு நான் சேலம் செவ்வாய்பேட்டையில் ஒரு மண்டியில் எடை பார்க்கிற குமாஸ்தா. மஞ்சள் வரத்து தொடங்குகிற வாரத்தில் மூன்று நாள் லீவு கேட்டால் முதலாளி என்ன சொல்வார் என்று உங்களுக்கே தெரியும். அதைத்தான் சொன்னார். கேட்டுக்கொண்டு கிளம்பினேன். காரணம் என் தங்கச்சி பாவாயி.

அவள் வாழ்க்கைப்பட்டிருப்பது வெண்ணந்தூருக்கு மேற்கே ஒரு தோட்டத்தில். இரண்டு ஏக்கர் மிளகாய், ஒரு கிணறு. ஜோடி எருதைக் கவலை ஏற்றத்தில் பூட்டி, தோல்பறியில் தண்ணீரை இழுத்து மேலே ஊற்றினால்தான் செடி தலைநிமிரும். தை கடைசியில் ஜோடியில் ஒன்று அடைப்பான் நோய் கண்டு செத்துப் போயிற்று. ஒற்றை எருதை வைத்துக்கொண்டு கவலை இறைக்க முடியாது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் தயவில் கிடைக்கிற தண்ணீர் பாதிப் பாத்திக்குக்கூடக் காணவில்லை. பூவும் பிஞ்சுமாக நிற்கிற செடி வதங்க ஆரம்பித்துவிட்டது. இன்னும் ஒரு வாரம் இப்படியே போனால் மிளகாய் அவ்வளவுதான். பாவாயி காதில் போட்டிருந்த கொப்பைக் கழற்றி விற்று, தொண்ணூறு ரூபாயைத் தன் புருஷன், அதாவது என் மாப்பிள்ளை, செங்கோடன் கையில் கொடுத்துச் சந்தைக்கு அனுப்பிவிட்டாள். அனுப்பிய பிறகு அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எனக்கு ஆள் மூலம் சொல்லியனுப்பினாள்: “அண்ணா, நீங்க போயிக் கூட நில்லுங்க. போன வருசம் அவரு அங்க பணத்தைச் சூதாட்டக் கட்டையில உட்டுட்டு வந்தாரு.”

சந்தை கூடுகிற ஊரின் பேரை எழுதப் போவதில்லை. எழுதினால் அடுத்த வருஷம் என்னை உள்ளே விடமாட்டார்கள். ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகிற சாலையில் ஐந்து மைல் தள்ளி, அம்மன் தேரை ஒட்டி மூன்று நாள் கூடுகிற மாட்டுச் சந்தை என்று சொன்னாலே அந்தப் பக்கத்தவர்களுக்குப் புரிந்துவிடும். மற்றவர்கள் ராசிபுரத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

சேலத்திலிருந்து ராசிபுரம் பதினேழு மைல், பஸ் சார்ஜ் ஆறணா. காலை ஆறரைக்குக் கிளம்ப வேண்டிய வண்டி, பின்னாலிருக்கும் கரி அடுப்பைக் கிளறிக் கிளறி ஏழேகாலுக்குக் கிளம்பியது. மல்லூர் தாண்டி ஒரு மேட்டில் இறங்கித் தள்ளினோம். காசு கொடுத்துவிட்டுத் தள்ளுவது என்ன நியாயமோ! “ஏப்பா, எத்தனை மணிக்குப் போய்ச் சேரும்?” என்று டிரைவரிடம் கேட்டேன். “கரி மனசு வைக்கோணுமுங்க” என்றார், முகத்தைத் துடைத்துக்கொண்டே. பத்து மணிக்கு மனசு வைத்தது.

ராசிபுரத்தில் காப்பி ஓர் அணா. சர்க்கரைக்குப் பதில் வெல்லம். ராசிபுரத்து நெய் ஒரு படி வாங்கலாம் என்று போய், விலையைக் கேட்டுவிட்டு, மோந்து பார்த்ததோடு வந்துவிட்டேன். சந்தைக்கு ஜட்கா பன்னிரண்டணா கேட்டார்கள். நான் எட்டணாவில் நின்றேன். இரண்டு பேரை வழியில் ஏற்றிக்கொள்வேன் என்ற நிபந்தனையோடு வண்டிக்காரர் ஒப்புக்கொண்டார். நாலு பேரை ஏற்றினார்.

அந்த வண்டிக்காரர்தான் சந்தையைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். “கயித்தைப் பாருங்க. பழைய கயித்தைத் தோள்ல போட்டுட்டு மாடில்லாம வாரவன் வித்துட்டான். புதுக் கயிறு கையில வச்சிருக்கறவன் வாங்க வந்தவன்.” எங்கள் பக்கத்தில் மாட்டை விற்றாலும் கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள். கயிற்றோடு வீட்டு லட்சுமியும் போய்விடுவாள் என்று கழற்றி எடுத்துக்கொள்வார்கள். வாங்குகிறவர் தன் கயிற்றைக் கொண்டுவந்து கட்டிக்கொள்ள வேண்டும். நாற்பது வயதாகிறது எனக்கு, பிறந்ததிலிருந்து பார்த்த வழக்கம். கயிற்றைப் பார்த்தே யார் மடியில் பணம் இருக்கிறது என்று சொல்லிவிடலாம் என்று அன்றுவரை தோன்றியதே இல்லை.

இது சந்தையில் சூதாட்டக் கட்டை உருட்டுகிற கட்டைக்காரருக்கும் தெரிந்திருந்தது. புதுக் கயிறு விற்கிற கடைக்கும் சுங்கச் சீட்டுக் கொடுக்கிற கொட்டகைக்கும் நடுவில்தான் அவர் பந்தல் போட்டிருந்தார். விற்றவனும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும், வாங்க வந்தவனும் அதைத் தாண்டித்தான் வர வேண்டும். “வாங்க கயித்துக்காரரே, அம்மன் கட்டை, சுத்தக் கட்டை!” என்று அவர் கூப்பிடுகிற கூப்பாடு ஜட்கா நிற்கிற இடம்வரை கேட்டது.

மாப்பிள்ளையைத் தேட வேண்டியதாகவே இல்லை. உயரமும் கொம்பும் நடையும் ஒத்த ஜோடி கிடைக்க வேண்டுமே என்று, வீட்டில் மிஞ்சியிருந்த எருதை முதல் நாளே நடத்திக் கூட்டி வந்திருந்தார். அது ஒரு வேப்பமரத்தடியில் தனியாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதன் சொந்தக்காரர் பந்தலில் முதல் வரிசையில் குந்தியிருந்தார்.

“ஏனுங்க மச்சான், எப்ப வந்தீங்க?” என்றார், என்னவோ கல்யாண வீட்டில் பார்த்தது மாதிரி.

“மாடு எங்கே, மாப்பிள்ளை?”

“பார்த்து வச்சிருக்கேனுங்க. பொறுங்க. இந்த வருசம் கட்டை சுத்தமுங்க.”

லங்கர் கட்டை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தரையில் ஒரு துணி. அதில் ஆறு படம்: கிரீடம், லங்கர் என்கிற நங்கூரம், அப்புறம் சீட்டுக்கட்டில் வருகிற ஆட்டின், டைமன், இஸ்பேட், கிளாவர். அதே ஆறு படமும் பொறித்த மூன்று கட்டைகள். பிடித்த படத்தில் காசை வைக்க வேண்டும். கட்டைக்காரர் மூன்றையும் குலுக்கி உருட்டுவார். உங்கள் படம் ஒரு கட்டையில் விழுந்தால் வைத்ததோடு ஒரு பங்கு, இரண்டில் விழுந்தால் இரண்டு பங்கு, மூன்றிலும் விழுந்தால் மூன்று பங்கு. விழாவிட்டால் காசு அவருக்கு.

போன வருஷம் தோற்றவர்களெல்லாம் கட்டைக்குள் ஈயம் வைத்து ஏமாற்றிவிட்டான் என்று பெரிய ரகளை செய்திருக்கிறார்கள். அதனால் இந்த வருஷம் கட்டை உருட்டுகிற உரிமையை ஏலம் விடும்போதே ஊர்ப் பெரியவர்கள் கட்டளை போட்டுவிட்டார்கள். கட்டைகளைக் கோயில் ஆசாரிதான் செதுக்க வேண்டும். காலையில் அம்மன் முன்னால் வைத்து எடுக்க வேண்டும். சந்தேகம் வந்தவர் எப்போது வேண்டுமானாலும் தண்ணீரில் போட்டுப் பார்க்கலாம். ஈயம் வைத்த கட்டையாக இருந்தால் தண்ணீரில் எப்போதும் ஒரே பக்கம்தான் திரும்பி மிதக்குமாம். இதற்கென்றே பந்தலில் ஓர் அண்டாத் தண்ணீர். நான் நிற்கும்போதே மாப்பிள்ளை மூன்று கட்டையையும் வாங்கிப் போட்டார். பல முறை போட்டார். ஒவ்வொரு முறை ஒவ்வொரு படம் மேலே வந்தது. கூட்டம் திருப்தியாகத் தலையாட்டியது. எல்லாரையும்விடத் திருப்தியாகத் தலையாட்டியவர் கட்டைக்காரர்.

“இனிப் போன வருசத்தையும் சேத்து எடுத்தர்றேன் பாருங்க” என்று மாப்பிள்ளை லங்கரில் ஒரு ரூபாயை வைத்தார். அன்றைக்கு மொத்தம் இருபத்திரண்டு ரூபாய் போயிற்று என்று அப்புறம்தான் சொன்னார்.

கையைப் பிடித்து இழுத்தால் நாலு பேர் முன்னால் மானம் போகும். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தால் மண்டிக்காரன் கண் சும்மா இருக்குமா? எடைத்தட்டைப் பார்க்கிற மாதிரி துணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு விஷயம் உறுத்தியது. மூன்று கட்டையில் மூன்று வேறு படம் விழுந்தால் பந்தல் அமைதியாக இருக்கிறது. ஒரே படம் இரண்டு கட்டையில் விழுந்தால், ஆஹா, அந்தப் படத்தில் வைத்தவர் இரட்டைப் பங்கு வாங்குகிறார், கூட்டமே கத்துகிறது, முதுகில் தட்டுகிறார்கள். அந்தச் சத்தத்துக்குள் கட்டைக்காரர் கையிலிருந்து பெட்டிக்குள் ஒரு சின்னக் குவியல் போகிறது. மூன்றும் வேறாக விழுந்தபோது அது போகவில்லை. கத்தல் கேட்கிறபோதெல்லாம் போகிறது!

மாப்பிள்ளையை ஒருவழியாக இளநீர் குடிக்கலாம் என்று கிளப்பினேன். பந்தலுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் மூணு சீட்டு நடந்தது. அங்கே ஆடுகிறவர்கள் ஒருவர் காசை ஒருவர் ஜெயிக்கிறார்கள். கொட்டகைக்காரர் ஆடுவதே இல்லை. ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுவில் சேர்கிற காசில் ரூபாய்க்கு ஓர் அணா எடுத்துத் தகர டப்பாவில் போட்டுக்கொள்கிறார். யார் ஜெயித்தாலும் அவருக்குக் கவலை இல்லை, ஆட்டம் நிற்காமல் இருந்தால் சரி. சேலத்தில் என் முதலாளி போகிற கிளப்பில் வக்கீல்களும் ஆபீசர்களும் போக்கர் ஆடுகிறார்கள். அங்கேயும் மேசைக்கு இப்படித்தான் பிடித்தம், சோடாவுக்குத் தனிக் காசு என்று அவரே புலம்பியிருக்கிறார். மஞ்சள் விலை ஏறினாலும் இறங்கினாலும் எங்கள் மண்டிக்குக் கமிஷன் நிற்காது அல்லவா, அதே சங்கதிதான். ஆனால் கட்டைக்காரர் வெளிப்படையாக ஓர் அணாகூட எடுக்கவில்லையே. அது எங்கேயிருந்து வருகிறது?

வேப்பமரத்தடியில் வறுத்த கடலைக்காய் அரையணாவுக்கு வாங்கி, மண்ணில் ஆறு கட்டம் கீறி, கட்டத்துக்கு ஒரு கடலை வைத்தேன்.

“மாப்பிள்ளை, ஆறு பேர் ஆறு படத்தில் ஆளுக்கு ஒரு ரூபாய். நான் கட்டைக்காரன். மூணு கட்டையும் வேற வேற விழுது. தோத்த மூணு கடலையை எடுக்கறேன், ஜெயிச்ச மூணு பேருக்குக் குடுக்கறேன். என் கையில என்ன மிச்சம்?”

“ஒண்ணுமில்லீங்க.”

“இப்ப ரெண்டு லங்கர், ஒரு கிரீடம். எத்தனை படம் தோத்துது?”

“நாலுங்க.”

“நாலு கடலையை எடுத்தேன். லங்கருக்கு ரெண்டு, கிரீடத்துக்கு ஒண்ணு. மிச்சம்?”

“ஒண்ணுங்க.”

அந்த ஒன்றை உரித்து வாயில் போட்டுக்கொண்டேன். “மூணும் லங்கரா விழுந்தா அஞ்சு எடுத்து மூணு குடுப்பேன். ரெண்டு மிச்சம். படத்துக்குப் படம் காசு கூடக்குறைய இருக்கும், ஒரு உருட்டில் அவருக்கே கைநட்டம்கூட வரும். ஆனா பத்துத் தரம் உருட்டினா நாலு தரம் இப்படி விழுது. பொழுது முழுக்க உருட்டறார். அவருக்கு எதுக்கு ஈயம்? கட்டை சுத்தமா இருந்தாத்தான் நீங்கெல்லாம் எந்திரிக்காம உட்கார்ந்திருப்பீங்க.”

மாப்பிள்ளை கடலைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். தோளில் கை வைத்தேன். புத்தி வந்துவிட்டது, பாவாயியிடம் பெருமையாகச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டேன். அவர் தலை நிமிர்ந்தார். கண் பளபளவென்று இருந்தது.

“அப்ப நாம அந்தப் பக்கம் உக்காந்தா, மச்சான்?”

எனக்குப் பகீரென்றது. ஆனால் கையிருப்பைக் கணக்குப் பார்த்தேன். மீதி அறுபத்தெட்டு ரூபாய். அவர் பார்த்து வைத்திருந்த எருதுக்கு எண்பத்தாறுக்குக் கீழே ஒரு காசு குறைக்க மாட்டேன் என்கிறார் வியாபாரி. பாதி விலைக்குச் சொத்தை மாட்டைப் பிடித்தால் கவலையில் படுத்துவிடும். என் மடியிலிருந்தது திரும்பிப் போகிற சார்ஜும் சில்லறையும். மிளகாய்க்கு ஒரு வாரம்தான்.

மாப்பிள்ளை நேரே கட்டைக்காரரிடம் போய்க் கேட்டேவிட்டார். அடிக்க வருவார் என்று நான் பயந்தேன். அவரோ வெற்றிலைப் பெட்டியை நீட்டினார். “கணக்குத் தெரிஞ்சுபோச்சுங்களா? தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகுது. ரெண்டாவது துணி எங்கிட்டச் சும்மாதானே கெடக்குது. நாளைக்குக் காலையிலிருந்து உச்சிவரைக்கும் உருட்டிக்கங்க. வாடகை அஞ்சு ரூவா முன்னாடியே. ஜெயிப்போ தோப்போ உங்களோட.”

“நாங்க இதை நாலு பேர்கிட்ட சொல்லிட்டா?” என்று வேண்டுமென்றே கேட்டேன்.

அவர் சிரித்தார். “இத்தனை வருசத்துல கணக்குத் தெரிஞ்சவங்க ஒருத்தரும் போய்ச் சொல்லலீங்களே. எல்லாரும் எங்கிட்டத் துணிதான் கேக்கறாங்க.”

மறுநாள் காலை அம்மன் முன்னால் வைத்து எடுத்த கட்டையோடு என் மாப்பிள்ளை துணிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். நான் வேண்டாம் என்று இரண்டு தரம் சொன்னேன். மூன்றாம் தரம் சொல்லவில்லை. முதலில் பதினொரு ரூபாய் கைவிட்டுப் போயிற்று. பிறகு மெதுவாகத் திரும்பியது. கட்டைக்காரரைவிட இவரிடம்தான் கூட்டம் சேர்ந்தது. காரணம் இவர் முகம். வெயிலில் காய்ந்த, கையில் காப்புக் காய்த்த குடியானவர் முகம். நம்ம ஆளு, ஏமாற்றத் தெரியாது என்று கயிற்றைத் தோளில் போட்டவர்களெல்லாம் இந்தத் துணிக்கு வந்தார்கள். உச்சிப் பொழுதில் எழுந்தபோது இருபத்தொன்பது ரூபாய் லாபம். வாடகை போக எருதைப் பிடித்தோம். சுங்கச் சீட்டும் புதுக் கயிறும் வாங்கி, மாப்பிள்ளை மடியில் ஐந்து ரூபாய் நின்றது. நல்ல எருது. பழையதோடு சேர்த்து நிறுத்தினால் கூடப்பிறந்தது என்பார்கள்.

திரும்புகிற வழி நடைதான். சந்தையிலிருந்து ராசிபுரம் ஐந்து மைல், அங்கிருந்து வெண்ணந்தூர்ச் சாலையில் எங்கள் வழி பிரிகிற இடம் இன்னொரு ஐந்தரை மைல். வழியில் நல்ல கிணறு இரண்டு இருக்கிறது; நிழல் கிடையாது. ராசிபுரம் தாண்டியதும் தோளில் பழைய கயிற்றோடு ஒருவர் எங்களோடு சேர்ந்துகொண்டார். காளியப்பன், ஆட்டையாம்பட்டிப் பக்கம், ஐம்பது வயதுக்கு மேலே. ராகி விற்கிற விலையில் வீட்டுச் செலவு தாங்காமல் பசுவை முப்பத்தைந்து ரூபாய்க்கு விற்றிருக்கிறார். புது எருது மிரண்டபோதெல்லாம் அவர்தான் தட்டிக்கொடுத்து ஓட்டினார். மாட்டுக்கு அவர் கை பிடித்துப்போயிற்று.

மாப்பிள்ளைதான் கேட்டார். “நீங்க என்ற துணியில ஆடினீங்கல்ல?”

“ஆமாங்க. ஒம்பது ரூவா போச்சு.” அவர் முகத்தில் ஒரு கசப்பும் இல்லை. “தோத்தது தோத்ததுதான். ஆனா ஏமாந்து தோக்கலீங்க. அம்மன் முன்னால வச்ச கட்டை, நம்மளாட்டம் ஒரு காட்டுக்காரர் உருட்டினாரு. அவ எனக்குக் குடுக்கலை, உங்களுக்குக் குடுத்தா. நல்ல மாடு சாமி, வச்சுப் பொழைங்க.”

எங்கள் வழி பிரிகிற இடத்தில் மாப்பிள்ளை எருதுகளை நிறுத்தினார். குந்திக்கொண்டு, புழுதியில் ஆறு கட்டம் கீறினார், ஆறு கல்லை வைத்தார். நான் கடலையை வைத்துச் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். காளியப்பன் நின்றபடியே கேட்டார். கடைசியாக மிஞ்சிய ஒரு கல்லை மாப்பிள்ளை கையில் எடுத்துக் காட்டினார்.

“இதை ஏனுங்க எங்கிட்டச் சொன்னீங்க?”

“மனசு கேக்கலீங்க.”

“உங்க மனசுக்குச் சொல்லிப்போட்டீங்க.” அவர் குரல் உயரவே இல்லை. “நானு நிம்மதியாப் போயிட்டிருந்தேன். அம்மன் குடுக்கலைன்னு சொன்னா ஊட்டுல அவ ஒண்ணும் பேசமாட்டா. இப்ப நான் என்னன்னு போய்ச் சொல்லுவேன்?”

மாப்பிள்ளை மடியிலிருந்த ஐந்து ரூபாயையும் நீட்டினார். வாங்க மாட்டார் என்று நினைத்தேன். வாங்கிக்கொண்டார், ஏன் வாங்காமல் இருக்க வேண்டும்? “இன்னும் நாலு ரூவா” என்றார். மிளகாய் பறித்ததும் ஆட்டையாம்பட்டிக்கே கொண்டுவந்து தருகிறேன் என்றார் மாப்பிள்ளை. அவர் கயிற்றைத் தோளில் சரிசெய்துகொண்டு போய்விட்டார். வாரேனுங்க என்று சொல்லவில்லை.

“இவரை இன்னாருன்னு தெரிஞ்சுபோச்சு” என்றார் மாப்பிள்ளை. “மீதி இருவது ரூவாக்காரங்க யாருன்னே தெரியலீங்களே மச்சான்.”

மறுநாள் விடியற்காலையிலேயே புது ஜோடியைக் கவலையில் பூட்டினார்கள். மிளகாய் பிழைத்தது, பாவாயிக்குச் சிரிப்பு வந்தது. நான் அன்றைக்கே வெண்ணந்தூரிலிருந்து ஆட்டையாம்பட்டி வழியாக பஸ் பிடித்துச் சேலம் வந்தேன். நாலணா, இந்த வழியில் தள்ளுகிற மேடு இல்லை. எனக்கு ஆன செலவு சாப்பாடு உட்பட இரண்டே முக்கால் ரூபாய். போகிறவர்கள் இரண்டாம் நாள் காலை போய்ச் சேருங்கள், நல்ல மாடு அன்றைக்குத்தான் நியாய விலைக்கு வருகிறது. ஜட்காவுக்கு எட்டணாவுக்கு மேல் கொடுக்காதீர்கள். வாங்கப் போகிறவர்கள் புதுக் கயிற்றை ஊரிலேயே வாங்கி, பைக்குள் வைத்துக்கொண்டு போவது நல்லது. மடியில் பணம் இருப்பதை எதற்குக் கையில் பிடித்துக் காட்ட வேண்டும்?

கணக்குத் தெரிந்தவர் ஒருத்தரும் போய்ச் சொல்லவில்லை என்று கட்டைக்காரர் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது, அதனால்தான் பஸ் சார்ஜ் எழுத உட்கார்ந்தவன் இதையும் எழுதுகிறேன். கடைசி நாள் காலையில், கயிற்றுக் கடைப் பக்கத்துத் துணியில், வெயிலில் காய்ந்த முகத்தோடு ஒருவர் உருட்டினாரே, அவரிடம் நீங்கள் தோற்றிருந்தால், அது அம்மன் உங்களுக்குக் கொடுக்காததால் இல்லை. அந்த ஆறு படமும் மூன்று கட்டையும் அப்படி. தோற்றது எவ்வளவு என்று எனக்கு ஒரு கார்டு போடுங்கள், மிளகாய் விற்றதும் மாப்பிள்ளை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். ஏன் சொன்னாய் என்று கோபம் வந்தால் அதையும் எனக்கே எழுதுங்கள். அவருக்கு ஒருவர் திட்டியதே போதும்.